நெய்ச்சோறு தங்காத நாய்க்குலம்

"நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. இரகசியத்தைக் காக்க இயலாதவனைக் குறித்தும், வந்த வாழ்வைப் பேணத் தெரியாதவனைக் குறித்தும் சொல்லப்படும் பழமொழி அது. கலியாண வீடுகளிலும் பெருநாட்களிலும் நெய்ச்சோறு மணக்கும் கல்முனைக் கரையோர ஊர்களில் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், இப்பழமொழி வெறும் உவமையாக நில்லாமல் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்ட நாய்க்குலம் ஒன்று உலகில் இருக்கிறது. அதன் வயிற்றில் நெய் தங்குவதில்லை. நோய் முற்றிய காலத்தில் எந்த உணவுமே அதன் உடலில் ஒட்டுவதில்லை. பட்டினி கிடவாமலே பட்டினியால் மெலிந்து மடியும் அந்த நாயின் வரலாறு, நாய் வளர்ப்போர் மாத்திரமன்றி, மாடு ஆடு வளர்ப்போரும், ஏன், மக்களைப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

அதன் பெயர் லுண்டேஹுண்ட். நோர்வே மொழியில் "லுண்டே" என்பது ஒரு கடற்பறவை; "ஹுண்ட்" என்றால் நாய். கரிய முதுகும் வெள்ளை வயிறும் கிளியை நினைவூட்டும் பெரிய வண்ண அலகும் உடைய அப்பறவையை ஆங்கிலேயர் பஃபின் என்பர். கடலோரச் செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளிலும் வளைகளிலும் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். நோர்வேயின் வடகோடியில், கோடையில் நள்ளிரவிலும் சூரியன் மறையாத பகுதியில், லொபோட்டன் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் தென்பால் உள்ள வேரோய் என்ற சிறு தீவில் மோஸ்தாட் என்றொரு மீனவக் கிராமம் இருந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடந்த அவ்வூரார், மீனுக்கு அடுத்தபடியாக இப்பறவையையே நம்பி வாழ்ந்தனர். இறைச்சியை உப்பிட்டுக் குளிர்காலத்துக்கு வைத்தனர். மெல்லிறகைத் தலையணைக்கும் விற்பனைக்கும் சேர்த்தனர். மனிதன் நுழைய முடியாத பாறை வளைக்குள் புகுந்து பறவையைப் பிடித்துவந்து தரும் வேலையைச் செய்தது இந்த நாய்.

அந்த வேலைக்கென்றே வார்த்தெடுத்தாற்போன்ற உடல் அதற்கு. ஏனைய நாய்களின் பாதத்தில் நிலம் தொடும் விரல்கள் நான்கு. இதற்கோ ஒவ்வொரு பாதத்திலும் குறைந்தது ஆறு விரல்கள்! வழுக்கும் பாறையைப் பற்றி ஏற அவை உதவும். முன்னங்கால்களை இரு கைகளை விரிப்பதுபோல் பக்கவாட்டில் விரிக்கும். கழுத்தைப் பின்னோக்கி வளைத்துத் தலையால் தன் முதுகையே தொடும். குறுகிய வளைக்குள் திரும்ப வேறு வழியில்லை அல்லவா? மண்ணும் நீரும் புகாதவாறு காதை மடித்துத் துளையை மூடிக்கொள்ளவும் வல்லது. சித்திரக்காரன் கற்பனையில் வரைந்த நாய் என்று நினைக்கத் தோன்றும், அத்தனையும் உண்மை.

நம் கரையில் கரைவலை இழுப்போருக்கு இனி வரும் செய்தி எளிதில் விளங்கும். கருவி ஒன்று புதிதாக வந்தால் பழைய உழைப்பாளிக்கு வேலை போய்விடும். மலைச்சரிவுகளில் வலை விரித்துப் பறவை பிடிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளுக்கு வந்தது. வலைக்குச் சோறு வேண்டாம், நாய்க்கு வேண்டும். போதாக்குறைக்கு அரசாங்கம் நாய்க்கு வரியும் விதித்தது. ஊருக்கு ஊர் இந்நாய் மறைந்தது. எட்டாக் கையில் கிடந்த மோஸ்தாட்டில் மட்டும் எஞ்சியது.

1930களில், நோர்வேயின் தென்பகுதியில் ஹமார் என்னும் ஊருக்கு அருகே வாழ்ந்த எலினோர் கிறிஸ்டி என்ற பெண்மணி இந்நாயைப் பற்றிக் கேள்வியுற்று, தீவிலிருந்து குட்டிகளை வரவழைத்து வளர்க்கத் தொடங்கினார். அந்த அம்மையாரின் ஆர்வம் இல்லையேல் இன்று நாம் பேசுவதற்கு இந்த நாயே இருந்திராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய் தீவை எட்டியது. வெளியுலகோடு தொடர்பின்றி வாழ்ந்த நாய்களுக்கு அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் சிறிதும் இல்லை. பிள்ளைகளின் கண்முன்னே ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. ஹமாரிலிருந்த நாய்களையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. தப்பிய சிலவற்றைக் கொண்டு குலத்தை மீண்டும் பெருக்கினர். 1963இல் அதே நோய் இரண்டாம் முறை வந்தது. அது ஓய்ந்தபோது உலகிலே எஞ்சியவை ஆறு நாய்கள் என்பது வரலாறு. ஒன்று தீவில், ஐந்து ஹமாரில். அந்த ஐந்தும் ஒரே தாய் ஈன்றவை.

ஆறு நாய்களிலிருந்து ஒரு குலத்தை மீட்டது அரிய சாதனைதான். கணக்குப் பார்த்து, இணை சேர்த்து, பொறுமையுடன் பெருக்கினர். இன்று நோர்வேயிலும் பிற நாடுகளிலுமாக இரண்டாயிரத்துக்கு உட்பட்ட தொகையில் இவை வாழ்கின்றன. ஆனால் எண்ணிக்கை பெருகப் பெருக ஒரு நோயும் உடன் வெளிப்பட்டது. அதற்கு மருத்துவ உலகம் அந்நாயின் பெயரையே இட்டு, "லுண்டேஹுண்ட் நோய்த்தொகுதி" என்று அழைக்கிறது.

அந்நோயை விளங்கிக்கொள்ள, முதலில் நலமான குடலின் அமைப்பை அறிதல் வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் என்னும் நுண்ணிய விரல்கள் கோடிக்கணக்கில் நிற்கின்றன. செரித்த உணவை உறிஞ்சுவது அவற்றின் வேலை. ஒவ்வொரு முளையினுள்ளும் இரத்தக் குழாய்களும், நடுவே ஒரு நிணநீர்க் குழாயும் உண்டு. சீனியும் புரதச் சத்தும் இரத்தக் குழாய் வழியே செல்லும். கொழுப்பு மட்டும் தனிவழி செல்லும். நிணநீர்க் குழாயினுள் பால்போன்ற வெண்ணிற நீராகக் கலந்து, உடலைச் சுற்றிப் பின்னரே இரத்தத்தை அடையும்.

இந்த நாயிடத்தே கெட்டுப்போவது அந்தத் தனிவழி. நிணநீர்க் குழாய்கள் வீங்கி விரிந்து போகின்றன. வயற்காரருக்குச் சொல்வதானால், வாய்க்கால் ஓட்டம் தடைப்பட்டு நீர் மட்டம் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும்? வரம்பு உடையும். அவ்வாறே வீங்கிய குழாய் கசிந்தும் வெடித்தும், உள்ளிருந்த நிணநீரைக் குடலுக்குள் கொட்டிவிடுகிறது. நிணநீரோடு சேர்ந்து வெளியேறுவது உடலின் அருஞ்செல்வமான புரதம். உண்ட உணவிலிருந்து சத்தைப் பெறவேண்டிய குடல், உடலில் ஏற்கனவே இருந்த சத்தையும் வெளியே இறைக்கிறது!

இவ்வாறு இழக்கப்படும் புரதங்களுள் முக்கியமானது அல்புமின். இரத்தத்திலுள்ள நீரை இரத்தக் குழாய்களுக்குள்ளேயே பிடித்து வைத்திருப்பது அதன் பணிகளுள் ஒன்று. அது குறைந்தால் நீர் கசிந்து வயிற்றறையிலும் தோலின் கீழும் தேங்கும். எனவேதான் நோயுற்ற நாய்க்கு விலா ஒட்டி எலும்பு தெரியும். வயிறோ பானைபோல் உப்பியிருக்கும். பார்ப்பவர் வயிறு நிறைய உண்ட நாய் என்று எண்ணக்கூடும். விட்டு விட்டு வரும் வயிற்றுப்போக்கு, வாந்தி, சோர்வு, எடைக்குறைவு ஆகியவை ஏனைய அடையாளங்கள். பீ12 என்னும் விற்றமினையும் குடல் சரிவர உறிஞ்சுவதில்லை. இரைப்பையின் சுவரும் நாட்பட அழற்சியுற்றுத் தேய்கிறது. சில நாய்களில் அவ்விடத்தே புற்றுநோயும் தோன்றுகிறது.

நோயை வேரோடு களையும் மருந்து இன்றளவும் இல்லை. செய்யக்கூடியது பேணுதல் ஒன்றே. கொழுப்பு மிகக் குறைந்த, எளிதில் செரிக்கும் புரதமுள்ள உணவைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுப்பர். கொழுப்பு புகுந்தால் நிணநீர் ஓட்டம் மிகும். ஓட்டம் மிகுந்தால் கசிவும் மிகும். அதனால்தான் இந்த நாய்க்கு நெய் ஆகாது. பீ12 ஊசி, அழற்சியைத் தணிக்கும் மருந்து முதலியவையும் துணை செய்யும். இவ்வாறு பேணப்பட்டு நெடுநாள் வாழ்பவை உண்டு. நேற்றுவரை ஓடியாடித் திரிந்துவிட்டுச் சில வாரங்களில் மெலிந்து இறப்பவையும் உண்டு. வாழ்நாள் முழுவதும் நோய்க்குறியே காட்டாதவையும் உண்டு. எந்தக் குட்டிக்கு எது வாய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததே வளர்ப்போரின் பெருந்துயர்.

நோயுற்ற நாய்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிட்டால் போயிற்று என்று வாசகர்கள் எண்ணலாம். மற்றக் குலங்களில் அது தக்க வழிதான். இங்கே விலக்கிவிட்டு வேறு எதை வைத்துக்கொள்வது? எல்லாமே அந்த ஆறின் வழி வந்தவை. 2016இல் ஜேர்மனியின் ஹனோவர் மிருக வைத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்நோயோடு தொடர்புடையதாகத் தோன்றும் பரம்பரை அலகு மாற்றம் ஒன்றைச் சுட்டிக்காட்டினர். ஆனால் மாற்றத்தை அறிந்ததனால் மட்டும் குலத்தைச் சுத்தம் செய்துவிட முடியவில்லை. குறை சிலவற்றில் மட்டும் இருந்தால் களையெடுக்கலாம். வயல் முழுவதும் ஒரே விதையாக இருக்கும்போது எதைப் பிடுங்குவது?

இதன் கணக்கை மாணவர்கள் எளிதில் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு பரம்பரை அலகிலும் தாய்வழி ஒரு பிரதியும் தந்தைவழி ஒரு பிரதியும் பெறுகிறது. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது ஈடுசெய்வதே பெரும்பாலும் நிகழ்வது. தாயும் தந்தையும் உறவினராயின், ஒரே மூதாதையின் ஒரே பிரதி இருவழியாலும் வந்து சேரக்கூடும். மச்சானும் மச்சாளும் மணந்து பெறும் பிள்ளைக்கு, ஓர் அலகில் அவ்வாறு நேரும் வாய்ப்பு 16இல் 1. உடன்பிறந்த விலங்குகளை இணைத்தால் குட்டிக்கு அது 4இல் 1. தலைமுறை தலைமுறையாக அவ்வாறே இணைத்துச் சென்றால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். லுண்டேஹுண்டின் நிலை அதுவே. நம்மிடையே மாமா மகளையும் மாமி மகளையும் மணப்பது வழக்கம். அவ்வாறு பிறக்கும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆதலால் நாயின் கதையைக் கேட்டு எவரும் திகிலடைய வேண்டியதில்லை. ஆயினும் தலசீமியா போன்ற குருதி நோய் தலைகாட்டிய குடும்பங்களில், திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வைத்தியர்கள் வற்புறுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான். பட்டியில் பிறந்த நாம்பனையே அதே பட்டிக்குப் பொலிகாளையாக ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பவர்களும் இதனைச் சற்றுப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பரம்பரைக் குடல்நோய் இந்த ஒரு குலத்தோடு நின்றுவிடவில்லை. செந்நிற மயிர் பளபளக்கும் ஐரிஷ் செட்டர் என்னும் வேட்டைநாய்க் குலத்தில் சில குடும்பங்களுக்குக் கோதுமை ஆகாது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் பட்டதும் அவற்றின் சடைமுளைகள் தேய்ந்து, குட்டி மெலியும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே அந்நோய் தோன்றும் என்று பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டனர். கோதுமையை நீக்கிவிட்டால் குட்டி தேறும். சோற்றிலே அந்தக் குளூட்டன் இல்லை. அந்தச் செட்டர் நம் ஊரில் பிறந்திருந்தால், பாண் துண்டு வீசும் கைகளுக்குத் தப்பிச் சோற்றுப் பானையருகே சுகமாக இருந்திருக்கும்!

சோறு என்றதும் நம் தெருநாயின் நினைவு வருகிறது. ஓநாயின் வழிவந்த விலங்கு சோற்றைத் தின்று எவ்வாறு வாழ்கிறது? சுவீடனின் உப்சலா ஆய்வாளர்கள் 2013இல் இதற்கு விடை கண்டனர். மாப்பொருளைச் செரிக்கும் அமிலேசு என்னும் நொதியத்துக்குரிய அலகு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே உண்டு. நாய்களிடமோ நான்கு முதல் முப்பது வரை இருந்தன. மனிதன் பயிரிடத் தொடங்கி, மிச்சத்தை வாசலில் எறிந்த காலந்தொட்டு, அந்த மிச்சத்தைச் செரிக்க வல்லவை பிழைத்துப் பெருகின. வயற்காவலுக்கும் பட்டிக்காவலுக்கும் நிற்கும் நம் நாட்டுநாயை எவரும் கண்காட்சிக்குக் கொண்டுபோவதில்லை. ஆனால் பலவழி இரத்தம் கலந்த அதன் உடலிலே, ஹமாரின் அருமை நாய்க்கு வாய்க்காத செல்வம் ஒன்று இருக்கிறது. ஊருக்குத் தெருநாய் தொல்லை என்பதை நான் மறுக்கவில்லை. செரிமானத்தைப் பொறுத்தவரை அது பெருஞ்செல்வனே.

தமிழ் வழங்கும் நிலத்துப் புகழ்பெற்ற நாய்க்குலங்களும் இந்த விதிக்கு விலக்கல்ல. தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாயை இந்தியா 2005இல் தபால்தலையிலும் பொறித்துச் சிறப்பித்தது. பால்போன்ற வெண்ணிறத்துக்காகவே அதனைத் தெரிந்தெடுத்து வளர்த்துவந்தனர். அந்த வெண்மையோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது. அங்கே செவி, இங்கே குடல்.

இவற்றைப் படித்துவிட்டு வீட்டுநாய்க்கு வயிறு போகும்போதெல்லாம் பரம்பரையைப் பழித்தல் தகாது. நம் ஊர்களில் குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் பெரும்பாலும் குடற்புழுவும் தொற்றும்தான். 1978 முதல் உலகெங்கும் பரவிய பாவோ வைரசு, குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கிச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும். பாவோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் இன்று தடுப்பூசி உண்டு. மோஸ்தாட்டில் அது இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது. பரம்பரை நோய் மெல்ல வரும்; மருந்துக்குத் தணிந்து, மீண்டும் மீண்டும் திரும்பும். விலைகொடுத்து உயர்குலக் குட்டி வாங்குவோர், தாய் தந்தையரின் தோற்றத்தைப் பார்ப்பதோடு, அவற்றின் வயிற்றின் வரலாற்றையும் கேட்டறிவது நன்று. இன்னொன்று: ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி பங்கிட்ட பின் எஞ்சும் கொழுப்புக் கட்டிகளை நாய்க்கு வாரி வழங்குவது இரக்கமாகத் தோன்றலாம். நலமான நாய்க்கும் ஒரேயடியாகப் பெருங்கொழுப்பு போவது கணையத்தை அழற்சியுறச் செய்து உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

இனி லுண்டேஹுண்டின் எதிர்காலம். அதன் அன்பர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வந்தது. வேற்றுக் குலத்தின் இரத்தத்தைக் கலந்தால் நோய் தணியலாம். ஆனால் கலந்தபின் அது லுண்டேஹுண்ட் ஆகுமா? ஆறு விரலும் வளையும் கழுத்தும் என்னாவது? இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டுக் காத்த தூய்மையை நம் கையாலேயே கெடுப்பதா? இக்கேள்விகளை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. காத்தவர்களுக்கே காத்த பொருளின் அருமை தெரியும்.

ஆனால் இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. கரும்புள்ளி நாயான டல்மேஷியன் குலம் முழுவதற்கும் பரம்பரைக் குறை ஒன்று உண்டு. குடலில் அன்று, யூரிக்கமிலத்தை உடல் கையாளும் முறையில். அதனால் சிறுநீர்க் கல் உண்டாகும். அங்கும் நலமான பிரதி குலத்துக்குள் தேடியும் கிடைக்கவில்லை. 1973இல் அமெரிக்கப் பரம்பரையியல் அறிஞர் ஒருவர் ஒரே ஒருமுறை பொயின்டர் என்னும் வேறு குலத்து நாயோடு இணைத்து, பிறந்தவற்றை மீண்டும் மீண்டும் டல்மேஷியன்களோடே சேர்த்துவந்தார். சில தலைமுறைகளில் தோற்றம் டல்மேஷியன். யூரிக்கமிலமோ சாதாரண நாய்க்குரியது. ஆயினும் "கலப்பு" என்ற சொல்லுக்கு அஞ்சிய அமெரிக்க நாய்ச் சங்கம் அந்த வழியினரைப் பதிவேட்டில் ஏற்றது 2011இல்தான். ஒரு சொல்லுக்காக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நாய்கள் காத்திருந்தன என்பதே என் கருத்து.

நோர்வேயர் அத்தனை காலம் தாமதிக்கவில்லை. லுண்டேஹுண்டின் பரம்பரை வளம் கலப்பின்றிக் காக்க இயலாத அளவுக்கு வற்றிவிட்டது என்று 2017இல் வெளியான ஆய்வொன்று அறுதியிட்டுக் கூறியது. நோர்வே லுண்டேஹுண்ட் கழகமும் துணிந்து கலப்புத் திட்டத்தைத் தொடங்கிவிட்டிருந்தது. நோர்வே பூஹுண்ட், ஐஸ்லாந்து ஆட்டுநாய், சுவீடனின் நொர்பொட்டன்ஸ்பிட்ஸ் ஆகிய மூன்றும் துணைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. அதே வடபுலத்தைச் சேர்ந்த, உருவத்தில் ஓரளவு ஒத்த குலங்கள் அவை. முதல் தலைமுறைக் குட்டிகளில் பாதி இரத்தம் வேறு. அவற்றுள் தக்கவற்றை மீண்டும் லுண்டேஹுண்டோடு இணைத்தால் காற்பங்கு; பின்னர் அரைக்காற்பங்கு. ஒவ்வொரு படியிலும் விரலை எண்ணவேண்டும், கழுத்தை வளைத்துப் பார்க்கவேண்டும், குணத்தை நோக்கவேண்டும். இரத்தத்தில் அல்புமினும் பீ12உம் எவ்வளவு என்று அளக்கவேண்டும். நோய் நடுவயதிலும் தலைகாட்டக்கூடியது. ஆகையால் இன்று துள்ளும் குட்டியின் குடல் எப்படிப்பட்டது என்பது பல ஆண்டுகள் சென்ற பின்னரே தெரியவரும்.